முதல் அங்குலம் இல்லாத டேப்

எங்கள் வீட்டு அளவு டேப்புக்கு முதல் அங்குலம் கிடையாது. என்றோ கத்தரியில் சிக்கித் துண்டாகிவிட்டது. புதிது வாங்கலாம் என்று நான் சொல்வதும், இதற்கு என்ன கேடு என்று என் வீட்டுக்காரர் கேட்பதும் ஆறு வருடமாக நடக்கிறது. மெத்தை உறை தைப்பது எங்கள் தொழில். நான் போய் அளந்து, டேப்பில் தெரிகிற எண்ணை அப்படியே நோட்டில் எழுதி வருவேன். துணி வெட்டும்போது அவர் ஒன்றைக் கழித்துக்கொள்வார். பேசி வைத்ததல்ல, பழகிப்போனது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று முப்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன். சுழிப்பிழை. ஒரு கருவி பூஜ்யத்தில் தொடங்காமல் வேறெங்கோ தொடங்கினால் அதுதான். பாடத்தில் எனக்கு ஒழுங்காகப் புரிந்ததும் அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் குழப்பம். வேலைக்கும் திருப்புவிசைக்கும் பரிமாணம் ஒன்றேயாம், ஆனால் இரண்டும் வேறு வேறாம். கோணத்துக்கு அலகு உண்டு, பரிமாணம் இல்லையாம். இரண்டு அளவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தாலும் அவற்றின் பிழைகளைக் கூட்டத்தான் வேண்டுமாம். கழித்தால் குறையத்தானே வேண்டும்? இதை எழுதியவர் வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்களா என்று புத்தகத்தின் மேலேயே கோபம் வந்தது. அஞ்சல் வழிப் படிப்பில் இந்தச் செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. இரண்டு முறை தோற்றாயிற்று. இதுவே கடைசி வாய்ப்பு. தேறினால் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. தேறாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

தேர்வுக்கு முந்தின நாள், ஒரு விடுதிக்குத் தைத்துக் கொடுத்த நாற்பது உறைகளும் திரும்பி வந்தன. ஒன்றுகூட மெத்தையில் ஏறவில்லை. நீளத்தில் ஓர் அங்குலம் குறைவு, அகலத்திலும் ஓர் அங்குலம் குறைவு.

அவர் ஒரு உறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் எங்கேயோ ரெண்டு தடவ கழிச்சிருக்கேன் போல. வயசாகுதில்ல."

அந்த விடுதிக்கு அளக்கப் போன அன்று காலையில்தான் சுழிப்பிழைப் பாடம் படித்திருந்தேன். படித்த திமிரில், ஒவ்வோர் அளவிலும் ஒன்றைக் கழித்துச் சரியான அளவை நோட்டில் எழுதினேன். அவரிடம் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல இன்னொன்றைக் கழித்துவிட்டார். பரிமாணப்படி பார்த்தால் ஒரு குற்றமும் இல்லை, நீளத்திலிருந்து நீளத்தைத்தான் இருவரும் கழித்தோம். மெத்தைக்குத்தான் அது புரியவில்லை.

சொல்ல வாயெடுத்தேன்.

"நீ போய்ப் படி. நான் ஓரத்துல பட்டி வச்சுத் தச்சுக்கிறேன்" என்றார்.

போய்ப் படித்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனேன்.

மறுநாள் ஆய்வகத்தில் ஏழு பேர் இருந்தோம். வேலை செய்கிற வெர்னியர் அளவி ஒன்றே ஒன்றுதான், வரிசையாக வாங்கி ஓர் உலோகத் தண்டின் விட்டத்தை அளக்க வேண்டும். எனக்கு முன்னால் ஆறு பேர் முடித்திருந்தார்கள். அளவியின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'சுழிப்பிழை +0.03 செ.மீ. கழிக்கவும்.'

தண்டை வைத்துப் பார்த்தேன். 2.54. கழித்தால் 2.51. பேனாவை எடுத்துவிட்டேன். எழுத வரவில்லை. இதை ஏற்கெனவே யாராவது கழித்திருந்தால்? நாற்பது உறைகளும் கண் முன்னால் வந்து நின்றன. தண்டை எடுத்துவிட்டுத் தாடைகளை மூடினேன். பூஜ்யத்தின் மேல் பூஜ்யம் கச்சிதமாக உட்கார்ந்தது. பிழையே இல்லை.

இப்போது எதை நம்புவது? காகிதம் ஒட்டியவர் படித்தவர். ஆறு பேரும் கழித்திருப்பார்கள். இரண்டு முறை தோற்றவள் கண்ணை யார் நம்புவார்கள்? மறுபடி மூடினேன், மறுபடி பூஜ்யம். ஐந்தாவது முறையும் பூஜ்யம்தான். ஆனது ஆகட்டும் என்று 2.54 என எழுதி, 'மூடிப் பார்த்தேன், பிழை இல்லை, அதனால் கழிக்கவில்லை' என்று கீழே சேர்த்தேன். எழுதிய பிறகும் குழப்பம் தீரவில்லை.

தேர்வாளர் என் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாருக்கும் 2.51. உங்களுக்கு மட்டும் ஏன்மா கூட வந்திருக்கு? எழுதி ஒட்டியிருக்கே, பாக்கலயா?"

"பாத்தேன் சார். ஒட்டினதுக்கு அப்புறம் யாராவது சரி பண்ணியிருப்பாங்களோன்னு தோணிச்சு."

"அது எப்படித் தோணும்?"

வேறு பதில் தெரியாததால் உள்ளதைச் சொன்னேன். டேப்பை, நோட்டை, நாற்பது உறைகளை. "நான் கழிச்சத அவர்கிட்ட சொல்லல சார். இன்னும் சொல்லல" என்றேன்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. அளவியை வாங்கித் தாடைகளை மூடி, வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"போன மாசம் ரிப்பேருக்குப் போய் வந்துச்சு. காகிதத்த எடுக்க மறந்துட்டோம்." என் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுங்க."

வீட்டில் அவர் முப்பத்தோராவது உறைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"தப்பு உங்க மேல இல்லங்க. நோட்டுல நானே கழிச்சுத்தான் எழுதியிருந்தேன்."

தையல் மிஷின் நிற்கவில்லை.

"தெரியும். நேத்து நீ படிக்கப் போனதுமே விடுதிக்குப் போய் ஒரு மெத்தைய அளந்து, உன் நோட்டோட வச்சுப் பாத்தேன்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"இன்னிக்குப் பரீட்சைல்ல. கேட்டா உக்காந்து அழுவ, படிக்க மாட்ட." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அது போகட்டும். பாஸா?"

அப்போதுதான் அதை இன்னும் சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது.