அ என்றுதான் சொன்னாள்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். காலையில் கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் தூக்கம் வந்து வாயை மூடும்வரை ஓயமாட்டாள். பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போயின. நாக்கும் பாதிதான் கேட்கும். சொற்கள் இழுபட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. அம்மாவுக்கோ ஒரு சொல் தப்பாது. "இவ பேசறது புரியலைன்னா, கேக்கறவங்க காதுலதான் கோளாறு" என்பாள். நாள் முழுக்க லேத் பட்டறையின் இரைச்சலில் நின்றுவிட்டு வரும் அப்பாவுக்குக்கூட அவள் பேச்சு புரியும்.

அம்மா தமிழாசிரியை. தேர்வு என்று வந்துவிட்டால் அவளைப்போலக் கறாரானவர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. கேள்வித்தாள் உறையின் முத்திரையில் சின்னக் கீறல் இருந்தாலும் கையெழுத்துப் போடமாட்டாள். சுவரில் தொங்கும் வாய்ப்பாட்டையும் தேசப்படத்தையும் பழைய செய்தித்தாள் ஒட்டி மறைத்த பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விடுவாள். ஆசிரியர் ஓய்வறையில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டம். அது அவள் காதிலும் விழும். கோபப்படமாட்டாள், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். தேர்வுக்கு முன் கண்காணிப்பாளர்களுக்கு நடக்கும் பயிற்சிக் கூட்டத்தில் விதிகளை உரக்கப் படிக்க வருடா வருடம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "ஒரு பிள்ளைக்கு நீங்க காட்டற சலுகை, பக்கத்துப் பிள்ளைகிட்ட இருந்து எடுத்தது" என்று சொல்லித்தான் முடிப்பாள்.

எட்டாம் வகுப்பு முடிப்பவர்களுக்கு ஒரு பொதுத்தேர்வு இருந்தது. அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் நகரத்தின் மறுகோடியில் இருந்த பெரிய பள்ளியில் இடம் கிடைக்கும். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளமும் லிஃப்டும் இருந்த பள்ளி அது ஒன்றுதான். வாயாடி அதற்காக மாய்ந்து மாய்ந்து படித்தாள். எவ்வளவு நீளமான கணக்கானாலும் மனதிலேயே போட்டு விடையைச் சொல்வாள். பேனாவைப் பிடிப்பது மட்டும்தான் அம்மாவின் வேலை.

எழுத முடியாத பிள்ளைகளுக்குத் தேர்வில் ஆள் கொடுப்பார்கள். பிள்ளை சொல்வதை அவர் எழுதுவார். அவர் உறவாகவோ பழகியவராகவோ ஆசிரியராகவோ இருக்கக்கூடாது. எங்கோ ஒரு தாய்மாமன் மருமகனுக்கு எழுத உட்கார்ந்து, பையன் வாயைத் திறக்காமலே முழுப் பரீட்சையையும் எழுதி முடித்த பிறகு வந்த விதி. வாயாடியின் வகுப்பாசிரியை அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நான் ஒரு மனு எழுதித் தரேன். இவ பேச்சு பழகின யாரையாவது போடச் சொல்லிக் கேட்டுப் பார்ப்போமே."

"வேண்டாம் டீச்சர். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது. அவ தெளிவாத்தான் பேசுவா."

மகள் எழுதுகிறாள் என்பதால் அந்த வருடம் தனக்குத் தேர்வுப் பணி வேண்டாம் என்று அம்மா தானே எழுதிக் கொடுத்தாள். பரீட்சையன்று பெற்றோர் வளாகத்துக்குள் நிற்கக்கூடாது. மகளை நாற்காலியோடு அறைவாசலில் விட்டுவிட்டு, அம்மா கேட்டுக்கு வெளியே வந்து வெயிலில் நின்றாள். காவலாளி அவளைத் தெரிந்தவன். "நிழல்ல வந்து நில்லுங்கம்மா, யார் பார்க்கப் போறாங்க" என்றான். அவள் வரவில்லை.

உள்ளே நடந்ததை மகள் பிறகு சொன்னாள். அவள் பேச்சை அம்மா கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

அறையில் அவளைத் தவிர இரண்டு பேர். எழுத வந்தவர் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் எழுத்தர், நடு வயதுக்காரர். கண்காணிப்பாளர் ஓர் இளம் ஆசிரியர். ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடைகள். பிள்ளை எழுத்தைச் சொல்ல வேண்டும், எழுத்தர் அந்த வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும்.

முதல் கேள்வி சுலபம். "அ" என்றாள். எழுத்தர் ஆ என்ற வட்டத்தைக் கருப்பாக்கினார்.

"இல்ல. அ."

"ஆதானேம்மா போட்டிருக்கேன்?"

"சார், நீங்க திருப்பிக் கேக்கக் கூடாது" என்றார் கண்காணிப்பாளர். "அவ சொல்றதை எழுதுங்க, அவ்வளவுதான்."

மறுபடி சொன்னாள். வாயைச் சட்டென்று மூடப் பார்த்தாள். பதறினால் அவளுக்கு உடம்பு விறைத்துக்கொள்ளும், நாக்கு இன்னும் கனக்கும். எழுத்து இன்னும் நீண்டது.

"முதல்ல இருக்கறது" என்றாள்.

அது எழுத்தருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை நகர்த்தினார். கண்காணிப்பாளர் எழுந்து வந்தார்.

"எழுத்தை மட்டும்தான் சொல்லணும்மா. வேற வார்த்தை சொல்லக் கூடாது, சைகை கூடாது. வேண்டாம்னா 'அடுத்தது'ன்னு சொல்லு. தலையை ஆட்டாதே, ப்ளீஸ்."

அவர் குரலில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. யாருடைய பெண் என்று அவருக்குத் தெரியும். முந்தின வருடம் அம்மா விதிகளைப் படித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் அவர்.

வாயாடி நான்கு எழுத்தையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தன் வாயில் அ என்பது ஆவாகிறது, இ என்பது ஈயாகிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குமேல் அவள் போராடவில்லை. கேள்வியைப் படித்து, மனதுக்குள் விடையைக் கண்டுபிடித்து, அது ஆ அல்லது ஈ என்று இருந்தால் சொன்னாள். அ என்றோ இ என்றோ இருந்தால் "அடுத்தது" என்றாள். கடைசிக் கேள்விவரை அப்படியே செய்தாள்.

வெளியே வந்ததும், "பாதிக்குப் பாதி விட்டுட்டேன்மா" என்றாள்.

"ஏன், தெரியலையா?"

"எல்லாமே தெரியும்."

முழுக்கக் கேட்டு முடித்த அம்மா நாற்காலியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "எங்கே, 'அ'ன்னு சொல்லு."

சொன்னாள்.

"சரியாத்தானேடி சொல்றே! அந்த ஆளுக்குக் காது செவிடா?"

அதே வேகத்தில் உள்ளே போனாள். தேர்வு மையத் தலைவர் அவளுடன் எத்தனையோ தேர்வுகளில் வேலை பார்த்தவர். விடைத்தாள் உறையில் போய் அரக்கும் வைத்தாயிற்று என்று கையை விரித்தார். "நீங்களே வந்து பிரிக்கச் சொல்லலாமா மேடம்?" என்றார். அவள் வந்த வழியே திரும்பினாள்.

மற்றவர்களுக்கெல்லாம் முடிவு வந்த அன்று வாயாடிக்கு மதிப்பெண் வரவில்லை. 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று மட்டும் வந்தது. விசாரணைக்கு வரச் சொன்னார்கள். அப்பா பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

தேர்வு அலுவலகத்தில் நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நடுவில் இருந்த பெண்மணிதான் பேசினாள்.

"உங்க பொண்ணு தாள்ல ரெண்டே எழுத்துதான் இருக்கு. முதல் கேள்வியைத் தவிர ஒண்ணுகூடத் தப்பில்லை. தெரியாத பிள்ளைக்கு இப்படி வராது. தெரிஞ்ச பிள்ளை இத்தனை கேள்வியை விடாது. யாரோ பாதி விடையை மட்டும் முன்னாடியே கொடுத்து அனுப்பின மாதிரி இருக்கு." பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்களும் தேர்வு வேலையில இருக்கறவங்க" என்றாள்.

அப்பா நாற்காலியின் பிடியை விட்டுவிட்டு முன்னால் வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னாள். தபால் நிலைய எழுத்தரையும் கூப்பிட்டிருந்தார்கள். "என் காதுல விழுந்ததை எழுதினேன். முதல்ல இருக்கறதுன்னு பாப்பா சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சுது. எழுத விடலை" என்றார். இளம் ஆசிரியர் விதிப்படி நடந்தேன் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

"சரி, பாத்துடுவோம்" என்றாள் அதிகாரி. மூன்று பேரும் உதட்டைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வாயாடி நான்கு எழுத்தையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும், கேட்பதை அவர்கள் குறித்துக்கொள்வார்கள். கோப்புக்காகக் கைபேசியில் பதிவும் செய்தார்கள். சொன்னாள். இன்னொரு தடவை என்றார்கள். மறுபடியும் என்றார்கள். எச்சில் வழிந்தது. அப்பா துடைத்துவிட்டார்.

"தொண்டை டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு" என்றாள் வாயாடி.

"என்ன சொல்றா?" என்று அதிகாரி திரும்பினாள்.

"ஒண்ணுமில்லை" என்றாள் அம்மா.

பதிவு சரியாக இருக்கிறதா என்று கைபேசியைப் போட்டுக் கேட்டார்கள். ஆ. ஈ. ஆ. ஆ. ஈ. மகளின் முகத்தைப் பார்க்காமல் அவள் குரலை மட்டும் அம்மா அதுவரை கேட்டதில்லை. வருடக்கணக்காக வகுப்பில் குறிலுக்கும் நெடிலுக்கும் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லித் திருத்தியவள். அந்தக் குரலில் ஒரு குறில்கூட இல்லை. மூன்றாவது அதிகாரி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். சிரிக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

முறைகேடு எதுவும் இல்லை என்று அன்றே முடிவாயிற்று. தேர்வு மையம் விதிகளைச் சரியாகக் கடைப்பிடித்திருக்கிறது என்றும் எழுதினார்கள். சொன்ன விடைகளுக்கு மதிப்பெண் உண்டு, விட்டவை விட்டவைதான். பெரிய பள்ளிக்கு அது போதாது.

"மறுதேர்வு?" என்றாள் அம்மா.

"உங்களுக்குத் தெரியாததா? உங்க பொண்ணுக்குக் கொடுத்தா நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. அடுத்த வருஷத்துல இருந்து எழுத்துக்குப் பதிலா எண் போடலாம்னு எழுதப் போறோம். உங்க பொண்ணாலதான் இந்த மாற்றம். சந்தோஷப்படுங்க."

தெருவுக்கு வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது வாயாடி கேட்டாள்.

"டீச்சர் மனு எழுதித் தரேன்னாங்களாமே. நீ ஏம்மா வேண்டாம்னே?"

"நீ தெளிவாப் பேசறேன்னுதான் நினைச்சேன்."

"உனக்குப் புரியும். உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்னு உனக்கு நினைப்பு."

அப்பா, "விடு கண்ணு" என்றார். அம்மா வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டில் பேச்சுச் சத்தம் இல்லை. அதற்கப்புறமும் வாயாடி அப்பாவிடம் பேசினாள், அம்மாவிடம் தண்ணீர் வேண்டும், நாற்காலியைத் திருப்பு என்று தேவைக்கு மட்டும் பேசினாள். வெளியாள் யாராவது வந்தால் வாயே திறப்பதில்லை.

விடுமுறை முடிந்து பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. இவளுக்காகக் கீழே, உடைந்த பெஞ்சுகள் போட்டிருந்த அறையின் ஓரத்தில் இடம் ஒதுக்கினார்கள். மாடியில் பாடம் முடிந்ததும் யாராவது வந்து சொல்லிக் கொடுப்பார்கள் என்றார்கள். வகுப்பாசிரியர் நாற்காலியின் முன் குனிந்து, "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு தானே பெயரைச் சொன்னாள்.

ஆசிரியர் பெயரை எழுதி, பக்கத்தில் 'பேச்சு வராது' என்றும் எழுதினார்.

"பேசுவா சார். நல்லாப் பேசுவா. அதை அடிச்சிடுங்க."

"சரிங்க, பாத்துக்கலாம்" என்று அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அம்மா மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"விடும்மா" என்றாள் மகள்.

அது ஆசிரியரின் காதில் என்னவென்று விழுந்ததோ, அவர் அவள் கன்னத்தைத் தட்டி, "சமத்து" என்றார்.