தோளில் கொஞ்சம் நீலம்

தங்கமலர் பெட்டிக்குள் குனிந்து கணவரின் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். குலேந்திரன் ஒரு மறுப்பும் சொல்லாமல் கிடந்தார். முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் இது முதல் தடவை. உயிரோடு இருந்தபோது ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல அவர் தோளில் சால்வை தங்கியதில்லை.

கிரியை தொடங்க இன்னும் நேரம் இருந்தது. டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தமிழரில் பாதிப்பேர் மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு நெடிய கறுப்பின மனிதர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார்.

"ஆர் இது?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

தங்கமலருக்குத் தெரியும். டோகோ நாட்டுச் சிற்பி கொஜோ. ஊர் தூக்கி எறிந்த கேத்தில், தாச்சிச் சட்டி, சைக்கிள் செயின், கார்ப் புகைக்குழாய் என்று கிடைப்பதையெல்லாம் கட்டி ஆளுயர உருவங்கள் செய்கிறவர். மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு அந்தச் சாமான்களை ஒதுக்கிக் கொடுத்தவர் குலேந்திரன்.

அந்த வேலையைத்தான் அவள் மறைத்து வைத்திருந்தாள். துணி ஆலை மூடிய பிறகு குலேந்திரனுக்குக் கிடைத்தது, குப்பையைத் தரம் பிரித்துக் கொட்டும் நிலையத்தில் வேலை. செம்மஞ்சள் மேற்சட்டையோடு கொள்கலன்களுக்கு நடுவே நிற்க வேண்டும். கேட்டவர்களிடம் தங்கமலர் "கொம்மூனில வேலை" என்றாள். அது பொய்யில்லை, நகரசபை வேலைதான். அவர்கள் மேசை, நாற்காலி, கணினி என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் திருத்தவில்லை. பன்னிரண்டு வருடம் திருத்தவில்லை.

பக்கத்து நகரமான சில்க்போர்க்கில் கொஜோவின் கண்காட்சி தொடங்கியபோது குலேந்திரன் கட்டிலோடு ஆகிவிட்டிருந்தார். அதற்கு முன்பே பட்டறையில் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். போன செவ்வாய்க்கிழமை, மூன்றாவது தடவையாக அவளிடம் கேட்டார்.

"மலர், நீர் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாருமன். அந்தக் காவற்காரன் சிலை முழுக்க என்ர சாமான்தான்."

மகள் சயந்தினியை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு அவள் அன்றே ரயிலேறினாள். கண்காட்சி வாசல்வரை போனாள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய படம். செம்மஞ்சள் மேற்சட்டையோடு, குப்பைக் கொள்கலன் முன்னால், வாயெல்லாம் பல்லாகக் குலேந்திரன். கீழே பெயர் வேறு, கொட்டை எழுத்தில். அவள் கதவைத் திறக்கவில்லை. உள்ளே யாராவது தமிழர் இருந்தால்? திரும்பிப் போய், ஒரு பேக்கரியில் ஒரு மணி நேரம் கோப்பிக்கு முன்னால் குந்தியிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"பாத்தனீரோ?"

"ஓம். நல்ல வடிவு."

"எது வடிவு?"

அவள் யோசிக்கவில்லை. "அந்தக் காவற்காரன்ர தோளில இருக்கிற நீலம்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஓம், நீலம்" என்று சொல்லிக் கண்ணை மூடினார். தப்பினேன் என்று அவள் மூச்சுவிட்டாள். வியாழன் விடியப்புறம் அவர் போய்விட்டார்.

கொஜோ பெட்டிக்கு முன்னால் தலைகுனிந்து நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி டெனிஷில் மெதுவாகச் சொன்னார்.

"செவ்வாய் பின்னேரம் எனக்குப் போன் எடுத்தார். காவற்காரனின் தோளில் கொஞ்சம் நீலம் வைக்கச் சொன்னார். அதில் துருவும் கறுப்பும்தான் இருந்தது. என் வேலையில் யாரையும் நான் கைவைக்க விடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். 'என் மனைவி பார்க்க வருவாள், அவள் தேடுகிறபோது அது அங்கே இருக்க வேண்டும்' என்றார். ஏனென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வைத்துவிட்டேன்."

தங்கமலர் பெட்டிக்குள் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். மனிசனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே, சாகிற நேரத்தில், அவளுடைய பொய்க்கு ஆள்வைத்து வேலை செய்திருக்கிறார். ஒரு சொல் கேட்டிருக்கலாம், ஏசியாவது இருக்கலாம். ஐயர் கூப்பிட்டதுகூட அவளுக்குக் கேட்கவில்லை. சயந்தினிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வாய்க்கரிசி போடும்போது அரிசி பாதி அவர் நாடியில் சிந்தியது.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. சனிக்கிழமை காலை தங்கமலர் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னை ஒருக்கா சில்க்போர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை."

"அம்மா, துடக்கு வீடு. முப்பத்தொண்டு நாள் முடியாமல் வெளிக்கிட்டால் சனம் என்ன சொல்லும்? நீங்கள் ஒருக்காப் பாத்ததுதானே."

"சனம் சொல்லட்டும்."

அப்படி ஒரு சொல் அம்மாவின் வாயிலிருந்து வந்து சயந்தினி கேட்டதில்லை. கார்ச் சாவியை எடுத்தாள்.

வாசலில் குலேந்திரன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தங்கமலர் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, கீழே இருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பிறகு உள்ளே போனாள். வரவேற்பு மேசையில் இருந்த டெனிஷ் பெண் புன்னகைத்தாள்.

"இந்தக் கண்காட்சிக்கு முன்பு வந்திருக்கிறீர்களா?"

மகள் பக்கத்திலேயே நின்றாள்.

"இல்லை" என்றாள் தங்கமலர் டெனிஷில். "இதுதான் முதல் தடவை."

சயந்தினி திரும்பி அம்மாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் குளிர்ச்சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

காவற்காரன் மண்டபத்தின் கடைசியில் நின்றான். கேத்தில் முகம், தாச்சி நெஞ்சு, கரண்டி விரல்கள், எல்லாம் துருவும் கரியும். இடது தோளில் மட்டும் ஒரு நீலப் பிளாஸ்டிக் மூடி. அதைக் கட்டியிருந்த கம்பி புதிதாக மினுங்கியது.