நிறுத்துனேன் என்று சொன்னவன்

என் மாமனார் வாயிலிருந்து ‘மாப்பிள்ளை’ என்ற சொல்லை வாங்க நான் கொடுத்த விலை ஓர் ஓட்டுநர் உரிமம். கிட்டத்தட்ட.

அவர் வெங்காயம், உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி. நான் அவர் கடைக்கு வேனில் சரக்கு ஏற்றி வந்தவன். ஒரு நாள் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு போனவன். ஆறு வருடமாக அவருக்கு நான் அழுகல் மூட்டை.

போன மாதம் மனைவி, “கடைக்கு எதிர்ல எறக்கி விடு. அப்பாவை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்றாள். இறக்கினேன். தலைக்கு மேல் பார்க்கிங் தடைப் பலகை. எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அவர் தராசை விட்டுக் கண்ணை எடுக்கவில்லையாம். நாலு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினாள். அதற்குள் போக்குவரத்துக் காவலர் நோட்டோடு வந்துவிட்டார்.

“வண்டிய இங்க நிறுத்துனியா?”

“நிறுத்துனேன் சார்.”

மாமனார் நிறுத்து விற்றுப் பிழைப்பவர். நான் நிறுத்துனேன் என்று சொல்லி மாட்டியவன். என் உரிமப் பதிவில் ஏற்கெனவே இரண்டு குற்றம். மூன்றாவது ஏறினால் உரிமம் ரத்து, பிழைப்பு அம்போ.

விசாரணை அதிகாரி பொறுமையான அம்மா. “ஆளை எறக்கிவிட்டா அது நிறுத்தம். டிரைவர் சீட்டுலயே இருந்தா காத்திருப்பு. அங்க ரெண்டும் அஞ்சு நிமிஷம் வரைக்கும் செல்லும். வண்டிய விட்டுட்டுப் போனாதான் பார்க்கிங். தடை அதுக்குத்தான். நீங்க எதைச் சொன்னீங்க?”

“மூணுக்கும் எங்க வாயில வர்றது அந்த ஒரு வார்த்தைதாங்க.”

“எறங்கலைன்னு சாட்சி இருக்கா?”

மனைவி கதவைத் திறந்தாள். வெளியே மாமனார். எனக்குத் தெரியாமல் போய்க் கூப்பிட்டிருக்கிறாள்.

“இவர் வண்டியை விட்டு எறங்கினாரா?” என்றார் அதிகாரி.

“எங்கேம்மா எறங்கினாரு?” ஆறு வருடச் சரக்கு மொத்தமாகக் கொட்டியது. “நாலு நிமிஷமும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். மாமனார் கடை வாசல் வரைக்கும் வந்த மாப்பிள்ளை, ஒரு எட்டு எறங்கி, எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரா? கல்லு மாதிரி சீட்டுலயே உக்காந்திருந்தாரு. இதுக்குத் தண்டனை கிடையாதா?”

அதிகாரி பேனா மூடியைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். “அந்தக் குற்றம் எங்க சட்டத்துல இல்லைங்க ஐயா.” ‘இறங்கவில்லை’ என்று எழுதி வழக்கைத் தள்ளினார்.

படியில் மனைவி என் விலாவில் இடித்தாள். “மாப்பிள்ளையாம்.”

மாமனார் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “கடைக்குப் பின்னால எடம் இருக்கு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் விடலாம்.”

ஆக, பதிவில் பழைய குற்றம் இரண்டு, புதியது இல்லை. மாமனாருக்கு நான் பாக்கி: இறங்குதல் ஒன்று, ஆறு வருட வட்டியோடு.