பின் ஸ்பீக்கரில் இருக்க வேண்டிய குரல்

சம்மட்டிக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கு முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் அது மூக்கைத் தாண்டிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நாள். இளவயதில் நாலு பேர் சேர்ந்து, தகரம் அழுத்தும் ஒரு பிரஸ் பட்டறையைக் கெஞ்சி வாங்கி, கிடாரும் எந்திரமும் இரும்படியுமாகப் பதிவு செய்த ஆல்பம் ‘இரும்பு ஷிப்ட்’. வந்த புதிதில் பத்திரிகைக்காரர் ஒருவர் ‘பாத்திரக் கடையில் அடிதடி’ என்று எழுதிவிட்டுப் போனார். இப்போது அதே அடிதடிக்குப் பெயர் கிளாசிக். டீலக்ஸ் பதிப்பு வரப்போகிறது. கனத்த பெட்டி, பழைய போட்டோக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக சரவுண்ட் சவுண்ட். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் குண்டாக ஒன்று. பட்டறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்கிற மாதிரியே இருக்குமாம். குழுவின் பாடகர் போனில் அப்படித்தான் அளந்தார். நாலு பேரும் கேட்டுச் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி கடைக்குப் போகும். கிடார்காரரும் கீபோர்டுக்காரரும் போட்டாயிற்று. பாக்கி இவள்தான்.

ஏ.சி. குழாய்களுக்குத் தகரம் மடிக்கும் தன் பட்டறையை அரைநாள் சாத்திவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸோடு வந்திருந்தாள். ஸ்டுடியோவில் சுவரெல்லாம் மெத்தை. நடுவில் ஒற்றை நாற்காலி. “இதுதான் ராணி சீட்டு, உக்காரு,” என்றார் பாடகர். தலை நரைத்திருந்தது, தோல் ஜாக்கெட் மட்டும் புதிது. கணினி முன்னால் மிக்ஸிங் செய்யும் பெண் உட்கார்ந்திருந்தாள்.

பாட்டு தொடங்கியது. கிடார் முன்னால் உறுமியது. சம்மட்டி அடித்த சுத்தியல் இடது பக்கம் கேட்டது. அவளுக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்த அடி. இரண்டு அடி, பிறகு ஒரு வெற்றிடம். பிறகு பின்னாலிருந்து பிரஸ் எந்திரம் ‘தொம்’ என்று இறங்கியது. அந்தத் தொம்மோடு சேர்ந்து முன் ஸ்பீக்கரில் ஒரு கத்தல்: “கை!”

மறுபடியும் இரண்டு அடி. வெற்றிடம். “கை!” – தொம், இரண்டும் ஒன்றாக.

“நிறுத்தும்மா,” என்றாள் சம்மட்டி. “இது யாரு கத்துறது?”

மிக்ஸிங் பெண் பாடகரைப் பார்த்தாள். பாடகர் கூரையைப் பார்த்தார்.

அந்தக் கத்தலைத் தெரியாத ரசிகர் கிடையாது. பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். மேடையில் பாடகர் மைக்கை நீட்டினால் கூட்டமே “கை!” என்று கத்தும். ‘அது உழைக்கும் வர்க்கத்தின் கை’ என்று அவர் பேட்டிகளில் தத்துவம் வேறு சொல்லியிருக்கிறார். ஆனால் பழைய பதிவில் கத்தியது அவர் இல்லை. சம்மட்டியின் தம்பி.

அந்தப் பட்டறையில் பிரஸ் ஓட்டியவன் அவன். காலால் பெடலை மிதித்தால் எந்திரம் இறங்கும். எதிரே தகரம் வைப்பவரின் கை உள்ளே இருந்தால் கையும் தகரம்தான். அதனால் பட்டறையில் ஒரு கட்டளை உண்டு: “கை!” என்று கத்தாமல் யாரும் பெடலில் கால் வைக்கக்கூடாது. பதிவின்போது எந்திரத்துக்குள் தகரத்தை வைத்து அதன்மேல் இரண்டு அடி அடித்தவள் சம்மட்டி. தம்பி கத்துவான், அவள் கையை இழுப்பாள், எந்திரம் இறங்கும். அடி, அடி, கை, தொம். ஆல்பம் முழுக்க ஓடும் தாளமே அதுதான். யாரும் உட்கார்ந்து இசையமைத்தது அல்ல. அவளுக்குப் பத்து விரலும் மிஞ்சட்டும் என்று ஒருவன் கத்தியது.

அந்தக் கத்தலுக்கான பெயரைப் பாடகர் தட்டிக்கொண்டு போனபோது தம்பி சிரித்தான். “கத்தினதுக்கெல்லாம் பேரா, அக்கா? விட்டுத்தள்ளு,” என்றான். அப்போது அவனுக்குக் குரல் இருந்தது. சில வருஷங்களில் தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவன் மகள் அப்போது கைக்குழந்தை. அவனுடைய குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. வளர்ந்த பிறகு அந்தப் பெண் தன் அப்பாவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் ‘இரும்பு ஷிப்ட்’டைத்தான் போடுவாள். இரைச்சலுக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு ஒற்றை எழுத்தைப் பொறுக்குவாள்.

“என் தம்பி குரல் எங்க போச்சு?” என்றாள் சம்மட்டி.

மிக்ஸிங் பெண்தான் பதில் சொன்னாள். “பிரஸ்ஸுக்கு மேல தொங்கவிட்ட மைக்ல ரொம்பத் தெளிவா இருந்துச்சு மேடம். அதான் பிரச்சினையே. பழைய பதிவுல எல்லாம் கலந்து கெடந்ததால வேற ஆள் குரல்னு தெரியல. இப்ப அந்த மைக் பின் ஸ்பீக்கருக்குப் போகுது. முன்னால சார் பாடிட்டு இருக்கும்போதே பின்னால இன்னொருத்தர் கத்துறது கேக்கும்.” கொஞ்சம் தயங்கினாள். “அதனால எடுத்துடச் சொன்னார். போன வாரம் அவரே வந்து கத்திக் குடுத்தார்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு, சோற்றைப் பரப்பி வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. சம்மட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒருவனுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது ஒரு எழுத்துக் குரல். அதையும் துடைத்துவிட்டு மேலே தன் குரலைப் பூசியிருக்கிறார் இந்த மனுஷர். பூசியதையாவது ஒழுங்காகப் பூசினாரா?

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சின்னக் கொழந்தைக்கும் தெரியும்,” என்றாள். “நீ எந்திரம் எறங்கும்போது கத்துற. கை போன பிறகா எச்சரிக்கை பண்ணுவாங்க?”

“தாளத்துல உக்காரணும்ல? முன்னாடி கத்தினா இசையா இருக்காது.”

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பாடகர் பெருமூச்சு விட்டார். “ஒருத்திக்காக எல்லாரோட வேலையும் நிக்கணுமா? புக்லெட்டுல நன்றின்னு அவன் பேரப் போட்டுர்றேன். வேணும்னா உன் தம்பியவே கூப்பிட்டுக் கேளு. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று சம்மட்டி ஒரு நிமிஷம் காத்திருந்தாள். கேட்கவில்லை. அவள் தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்.

தம்பி பைக்கில் வந்து சேர்ந்தான். கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துணி, சட்டைப் பையில் போன். அக்கா நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் எதுவும் மாறவில்லை. புதுப் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னான். கேட்டான். பிறகு போனில் ஏதோ தட்டி மிக்ஸிங் பெண்ணிடம் நீட்டினான். அவள் சத்தமாகப் படித்தாள்: “சார் கைய மேசையில வைக்கணும். கத்தல் கேட்டதும் எடுத்துக்கலாம்.”

“என்ன விளையாட்டுப்பா இது?” என்று சிரித்தபடியே பாடகர் கையை மேசையில் விரித்து வைத்தார். தம்பி அதற்கு மேலே முஷ்டியை ஓங்கினான். பெடல் மிதித்தே காலம் தள்ளியவனுக்கு அந்தத் தாளம் உடம்பில் ஊறியிருந்தது. மிக்ஸிங் பெண் பாட்டைப் போட்டாள்.

அடி, அடி. வெற்றிடம். பாடகரின் குரல் “கை!” என்றது. அதே நொடியில் முஷ்டி எந்திரத்தோடு இறங்கியது.

“யப்பா, மெதுவாடா,” என்றார் பாடகர்.

தம்பி தலையை ஆட்டிவிட்டு, கையை மறுபடி வைக்கும்படி சைகை காட்டினான். தன் குரல்தானே, எப்போது வரும் என்று தெரியாதா என்ற நம்பிக்கையில் அவரும் வைத்தார். மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவது தடவை அவருடைய கை சிவந்துபோயிற்று, சிரிப்பும் நின்றுவிட்டது. தம்பிக்குச் சிரிப்பு முதலிலிருந்தே இல்லை. இத்தனை வருஷமும் விட்டுத்தள்ளியவன் இன்று விடுவதாக இல்லை என்று சம்மட்டிக்குப் புரிந்தது. அவள் தடுக்கவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துகூட இருந்தது.

“பழைய மைக்க அப்படியே போடும்மா,” என்றாள்.

மிக்ஸிங் பெண் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. புதுக் கத்தலை எடுத்துவிட்டு, பிரஸ் மைக்கைப் பின் ஸ்பீக்கரில் திறந்துவிட்டாள்.

அடி, அடி. எந்திரம் இறங்கும் முன்னால், அந்த வெற்றிடத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு இளைஞனின் குரல் வந்தது. கரகரப்பாக, பதற்றமாக, அக்காவைத் தவிர வேறு யாரையும் நினைக்காத குரல். “கை!”

பாடகரின் கை தானாகப் பின்னுக்குப் போயிற்று. முஷ்டி வெறும் பலகையில் விழுந்தது. அடி, அடி. “கை!” மறுபடியும் கை தப்பியது. முன் ஸ்பீக்கரில் அவருடைய இளவயதுக் குரல் பாடிக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை குத்து விழவில்லை. தம்பி ஓங்கிய கையோடு பின் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தபடி நின்றான். அங்கே அவன் கத்திக்கொண்டே இருந்தான்.

பாட்டு முடிந்தது. பாடகர் சிவந்த கையைத் தடவிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். “அவன் குரல்தான்.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற?” என்றாள் சம்மட்டி. “பெட்டி அட்டையில எழுது.”