அரை இன்ச் சரிவு

கொத்தனார் துலுக்கானம் கலவையில் இரண்டாவது வாளித் தண்ணீரை ஊற்றியபோது, சித்ரா கணவரின் கையில் காபி தம்ளரை வைத்தாள். கை அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. தம்ளர் சாய்ந்து லுங்கியில் காபி கொட்டியது. சூடு தாங்காமல் கத்த வேண்டிய மனுஷன் சும்மா இருந்தார்.

மப்ளர் சுற்றிய தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்க, கோதண்டம் படியோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் வேலையை மேற்பார்வை பார்க்கிற தோரணையிலேயே உட்கார்ந்திருந்தார். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. பெற்ற தாயின் கண்ணை மூடிவிட்டவள் அவள். இதை டாக்டர் வந்து சொல்ல வேண்டியதில்லை. அவள் பால் வாங்கி வந்து, குளித்து, டிகாஷன் இறங்கக் காத்திருந்த ஒரு மணி நேரத்துக்குள் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

"அண்ணாத்தே, தண்ணி ஊத்தியாச்சு. இனிமே நிறுத்த முடியாது. போட்டுடவா?" குனிந்தபடியே கேட்டான் துலுக்கானம்.

சித்ரா வாயை மூடிக்கொண்டாள்.

"போடு," என்றாள்.

ஆறடிக்கு நாலடி சிமென்ட் தரை. மகளின் கல்யாணத்தை மூன்று வாரத்தில் முடித்த மனுஷன், இதற்கு மூன்று மாதம் திட்டம் போட்டார். மொட்டை மாடி ஒழுகுகிறதென்று சித்ராவின் பதினாலு தொட்டிகளையும் கீழே இறக்கியதில் ஆரம்பித்தது. வெறும் மண்ணில் வைத்தால் மழைக்குச் சேறு தெறித்தது. செம்பருத்தி, தொட்டியின் ஓட்டை வழியாகத் தரைக்குள் வேரை இறக்கிவிட்டு நகர மாட்டேன் என்றது. "உன் செடிங்களுக்கு நான் தரை போட்டுத் தரேன்" என்று அவரே மண்ணை வெட்டினார், முளையடித்து நூல் கட்டினார். நடுவில் நெஞ்சுவலி வந்து போன பிறகுதான் கரையான்சாவடியிலிருந்து துலுக்கானத்தைக் கூட்டி வந்தார். நேற்று முழுக்க ஒரே புராணம்: தண்ணி நிக்கக் கூடாது, சாக்கடைப் பக்கம் அரை இன்ச் சரிவு.

இப்போது கத்தினால் வேலை நிற்கும். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கரணையை எடுக்க விடமாட்டார்கள். கலவை கொட்டின இடத்திலேயே கல்லாகிக் கிடக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. கத்தினால் அவர் எல்லாருக்கும் பொதுவாகிவிடுவார். பக்கத்து வீட்டு ஜமீலா ஓடி வருவாள், மகள் வருவாள், ஐஸ் பெட்டி வரும், மாலைகள் வரும். அதற்கப்புறம் அவர் பக்கத்தில் இவளுக்கே இடம் கிடைக்காது.

படியில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. ஹைவேயில் போகிற லாரிகளின் சத்தம் வேறு ஏதோ ஊரிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. மதிலோரம் தொட்டிகள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நின்றன. துலுக்கானம் கலவையை வாரிப் போடுவதும், மட்டப்பலகையை இழுப்பதும், தண்ணீருக்கு அடியில் நடக்கிற வேலைபோல் மெதுவாக நடந்தன. தான்தான் தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். முப்பத்தாறு வருஷத்தில் வெளியே இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. உயிரோடு இருந்திருந்தால், யாராவது பார்க்கப் போகிறார்கள் என்று திட்டியிருப்பார்.

"இன்னா, அண்ணாத்த சத்தமே காணோம்? இந்நேரம் நூறு நொட்டை சொல்லியிருப்பாரே."

"கண்ணு அசந்துட்டாரு."

"ராத்திரி தூங்கலையா?"

"எங்க தூங்கினாரு? உன் சரிவயே நெனச்சுகினு கெடந்தாரு."

துலுக்கானம் சிரித்தான். "தூங்கட்டும் அண்ணி. எயிந்தா என்னை வேலை செய்ய உடமாட்டாரு."

"அரை இன்ச்சு கரீட்டா கீதா பாரு," என்றாள். அவர் குரலில் கேட்டதுபோல் அவளுக்கே இருந்தது. அவன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். மணியாஸ் கட்டையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க ஈரத்தரை பளபளத்தது. "நல்லா வந்துகினு கீது," என்று அவர் காதோரம் சொன்னாள். கோபமும் வந்தது அவளுக்கு. இந்தக் காபியைக் குடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"முடிஞ்சுது அண்ணி. எயுப்பு, வந்து பாக்கட்டும்." துலுக்கானம் கரணையையும் கட்டையையும் வாளியில் கழுவி வைத்தான்.

"துலுக்கானம், அவரு போயிட்டாருப்பா."

கிட்டே வந்து பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

"ஐயோ... எப்போ அண்ணி?"

"நீ தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடியே."

அவன் தரையைப் பார்த்தான். அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்தான்.

"இரு, ஜமீலாம்மாவைக் கூப்புடறேன். பொண்ணுக்கு ஃபோன் போட சொல்றேன்." அவசரமாகக் கேட் பக்கம் திரும்பினான்.

"துலுக்கானம்."

நின்றான்.

"அந்த மூலை சொரசொரன்னு கீது. இன்னொரு தபா தேச்சுட்டுப் போயேன்."

மூலை வழவழவென்றுதான் இருந்தது. துலுக்கானம் மூலையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு திரும்பி வந்து, கழுவி வைத்த கட்டையை எடுத்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி மண்டிபோட்டு உட்கார்ந்தான். மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தான்.