டிக்கியில் ஒன்றுமில்லை

பெண் பேசப் போன இடத்தில் நான் விட்ட சவடால் இது: "பொண்ணைத் தவிர ஒரு துரும்புகூட வேணாம். போடிமெட்டு வீட்டுல எல்லாம் இருக்கு." மாமனார் நெகிழ்ந்துபோனார். எனக்கே என்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலை, ராஜாத்தியை என் பழைய காரில் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்குக் கிளம்பினேன். அவள் துணிப்பெட்டி மட்டும் பின்சீட்டில். மலையடிவாரத்து முந்தல் தாண்டும்வரை வண்டி நல்ல பிள்ளையாக ஓடியது. முதல் வளைவில் பின்னாலிருந்து கடகடவென்று ஒரு சத்தம், கடைசியில் 'டொம்'. அடுத்த வளைவிலும் அப்படியே. நாலாவதோடு வண்டியை நிறுத்திவிட்டேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பக்கத்தில் புதுப்பெண். வண்டியைத் திருப்பி, முந்தலில் மெக்கானிக் ஜக்கையன் அண்ணன் பட்டறைக்கே கொண்டுவந்தேன். ராஜாத்தி வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அண்ணன் பின்சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார். அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தார்.

"டிக்கியில என்ன லோடு?"

"ரெண்டு காலிச் சாக்குண்ணே. நான்தான் ஒரு சாமானும் வாங்கலையே!"

அந்தப் பெருமையைக் கேட்டபிறகு அவர் டிக்கியைத் திறக்கவே இல்லை.

"வளைவுல மட்டும் சத்தம் வருதுன்னா பின்சக்கர அச்சுதான் போயிருக்கு தம்பி. கழட்டணும், எட்டு நாளாகும். பிள்ளைய அவுக ஆத்தா வீட்டுல விட்டுட்டு வா."

எட்டு நாள்! எனக்கு அழுகை வராத குறை. மூன்று நாளில் அவள் என்னிடம் பேசியதே பத்து வார்த்தை இருக்காது. அம்மா வீடு என்றதும் சந்தோஷமாகப் போய்விடுவாள்.

"ராஜாத்தி, எறங்கு. வர்ற பஸ்சுல வீட்டுல விட்டுர்றேன்."

இறங்கியவள் நேரே டிக்கியிடம் போனாள். "இதத் தெறங்க."

திறந்தேன். சாக்கிலிருந்து நழுவி ஒரு அம்மிக் குழவி கிடந்தது.

"என் கைக்குப் பழகுன கொழவி. அம்மியத் தூக்க முடியல. துரும்புகூட வேணாம்னீக, அதான் ஒளிச்சு வச்சேன்." அவள் தலை நிமிரவில்லை. "வேணும்னா இத இங்கனயே போட்டுருவோம். நான் ஆத்தா வீட்டுக்குப் போகல."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. அவள் பேசாமல் இருந்திருந்தால் எட்டு நாள் அம்மாவோடு இருந்திருக்கலாம். குட்டு உடைந்தாலும் பரவாயில்லை என்று என்னோடு வரத் துணிந்திருக்கிறாள்.

குழவியைத் துண்டில் சுற்றி, காரில் ஏறி உட்கார்ந்தவள் மடியில் வைத்தேன்.

"அடுத்த வாரம் நானே போயி அம்மியத் தூக்கிட்டு வர்றேன்."

"அப்பா கேட்டா என்ன சொல்லுவீக?"

"துரும்பு வேணாம்னுதான சொன்னேன், கல்லு வேணாம்னா சொன்னேன்?"

வீடு போய்ச் சேரும்வரை காரில் அவள் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.