படுக்கையறைப் பூட்டு

படுக்கையறைப் பூட்டு மக்கர் பண்ணுகிறது என்று சொல்லித்தான் வீட்டுக்காரன் பூட்டுக்காரரை அழைத்து வந்திருந்தான். "உள்ள யாரும் இல்லண்ணே. சட்டுனு திறந்து விடுங்க" என்றான். அவன் கைமுட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

பூட்டுக்காரர் மண்டியிட்டுச் சாவித் துவாரத்தில் கம்பியை நுழைத்தார். மறுபக்கம் சாவி இருந்தது. அதை யாரோ திரும்பவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். "திறக்காதீங்கண்ணா, கொன்னுடுவாரு" என்று கதவிடுக்கில் ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது.

அவர் எதையும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் எழுந்தார். "இதுக்கு வேற கம்பி வேணும் தம்பி. கடைக்குப் போய் எடுத்துட்டு இதோ வரேன்."

"உங்க ஆளுங்களோட 'இதோ' எல்லாம் எனக்குத் தெரியும்ணே."

இப்படிச் சந்தேகப்படுகிறவர்களிடம் வழக்கமாகச் செய்வதையே அவர் செய்தார். "என் பொழப்பே இதுலதான் இருக்கு. இங்கயே இருக்கட்டும்" என்று கருவிப் பையைக் கதவோரம் வைத்துவிட்டு இறங்கினார்.

கீழே தெருவில் நின்று போலீஸுக்குப் போனில் முகவரி சொல்லிக்கொண்டிருந்தபோது, மேலே மரக்கதவின்மேல் இரும்பு விழும் சத்தம் கேட்டது. பையில் சுத்தியல் இருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடினார். பாதிப் படி ஏறுவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.